காவிரிப் படுகையின் குறைநீர்ப் பயிர்கள்

காவிரிப் படுகையில் ஆற்று நீர் வராத காலத்திலும், வாய்க்கால் நீர் எட்டாத கடைமடையிலும், மேட்டு நிலத்திலும் விளையும் பயிர்கள் குறைநீர்ப் பயிர்கள் எனப்படும். உளுந்து, பச்சைப் பயறு, எள், பருத்தி, நிலக்கடலை, கேழ்வரகு, வரகு ஆகியவற்றுடன் வறட்சி தாங்கும் மரபு நெல் ரகங்களும் இவற்றுள் அடங்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் இவை பயிராகின்றன.

நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற இந்தச் சமவெளியை வறண்ட நிலம் என்று சொல்ல முடியாது. மழை போதிய அளவு பெய்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மற்ற மாதங்களுக்கு மேட்டூரைத்தான் நம்ப வேண்டும். குறுவை எனும் குறுகிய கால நெல் பருவத்துக்காக மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் அணை திறக்கப்படவில்லை. நீர் வரும் நாள் தவறுவதே இங்கு வறட்சி.

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்படுவதற்கு முன் நீரின் போக்கை அறிந்தே பயிர் வைத்தார்கள். குறுவை விதையோடு நீண்டகால ரகமான ஒட்டடையானைக் கலந்து ஒரே வயலில் விதைப்பது தஞ்சை வழக்கம். குறுவையை முதலில் அறுத்ததும், அடியில் நின்ற ஒட்டடையான் பருவமழையைக் குடித்துத் தழைத்துப் பின்னர் விளையும். ஒரே உழவில் இரண்டு அறுவடை கிடைத்தது. ஒன்று பொய்த்தாலும் மற்றது கைகொடுத்தது. கடைமடைப் பகுதியான வேதாரண்யம், தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கங்களில் குழியடிச்சான் விதைக்கப்பட்டது. இது உவரையும் வறட்சியையும் தாங்கும். காட்டுயானம் ஏறத்தாழ ஆறு மாதப் பயிர், ஆள் உயரத்துக்கு மேல் வளரும். மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்குக் குறையாதது. அறுபதாம் குறுவை அதன் பெயர் சொல்வதுபோல் இரண்டு மாதத்தில் முடிவது. தண்ணீரை எதிர்பார்க்காமல் காய்ந்த புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கும் புழுதி விதைப்பு இவற்றுக்கு ஏற்றது.

மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் (உள்ளூரில் புது ஆறு) ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டங்களின் மேட்டு நிலத்துக்கும் நெல்லைக் கொண்டுபோனது. 1960இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண் திட்டம் தொடங்கியது. அதையடுத்து 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 பரவியது. குறுகிய காலத்தில் விளைந்து இருபோகத்துக்கு வழிசெய்த இந்த ரகமும் அதற்குப் பின் வந்த புதிய ரகங்களும் பழைய ரகங்களை வயலிலிருந்து தள்ளிவிட்டன. கூடவே அவற்றைத் தாங்கிநின்ற அறிவும் போயிற்று.

அழியாமல் நின்றது நெல் தரிசில் பயறு. சம்பா, தாளடி நெல் பருவங்களின் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நீரை வடித்த வயலில் மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது உளுந்தையோ பச்சைப் பயறையோ தெளிக்கிறார்கள். காலை வைத்தால் சுவடு பதிய வேண்டும். சுவட்டில் நீர் ஊறக் கூடாது. ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதை போதும். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் தைப் பனியிலும் செடி வளர்ந்து, ஏறத்தாழ 70 நாளில் காய்ந்த நெற்றாகி வீடு வருகிறது. வேர் முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்தும் சேர்கிறது. இதற்கென்றே ஆடுதுறையில் ஏ.டி.டி. 3 உளுந்து உருவாக்கப்பட்டது. கதிர் அறுக்கும் இயந்திரம் வந்த பிறகு இம்முறைக்குச் சங்கடம் நேர்ந்தது. முளைத்து இரண்டு இலை விட்ட கன்றுகள் இயந்திரத்தின் சக்கரத் தடத்தில் நசுங்கிப்போகின்றன. அறுவடைக்குப் பின் விதைக்கலாம் என்றாலோ, அதற்குள் ஈரம் இறங்கிவிடுகிறது. கையறுப்புக்கு ஆள் கிடைக்காத ஊர்களில் தரிசுப் பயறு குறைந்ததற்கு இது முக்கியக் காரணம்.

பருத்தி, கோடையில் திருவாரூர், நாகப்பட்டினம், கும்பகோணம் பகுதிகளில் நெல் தரிசில் நடப்படுகிறது, எம்.சி.யு. 7 என்ற ரகம் தரிசுக்கென்றே வந்தது. பஞ்சை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஏலத்தில் விற்கிறார்கள். நிலக்கடலை பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுச் செம்மண்ணுக்கு உரியது. எள்ளும் அவ்வாறே. கோயில் கோபுரக் கலசத்துக்குள் வரகை நிரப்பிவைக்கும் வழக்கம், நெல் நாட்டிலும் இத்தானியத்துக்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது. வரகுச் சாகுபடியோ மிகச் சுருங்கிவிட்டது.

மரபு நெல்லின் மீட்சி இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரையும் (இறப்பு 2013), ஆதிரெங்கம் நெல் ஜெயராமனையும் (இறப்பு 2018) சார்ந்தது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கடனாகப் போன விதை ஊர் ஊராகப் பெருகியது. ஜெயராமன் 170க்கு மேற்பட்ட ரகங்களை மீட்டார். அவர் பெயரில் தமிழ்நாடு அரசு மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்தை நடத்துகிறது. இந்த ரகங்களின் விளைச்சல் குறைவுதான். ஆனால் உரமும் மருந்தும் வாங்கும் செலவும் குறைவு, நீர் பொய்த்த ஆண்டில் முழு நட்டத்திலிருந்து விவசாயியைக் காப்பதும் இவையே.

இப்போது குறைநீர்ப் பயிர்கள் பெரும்பாலும் நெல்லுக்குப் பின் வரும் துணைப்பயிராகவே உள்ளன. நெல்லுக்கு ஊர்தோறும் நேரடிக் கொள்முதல் நிலையம் உண்டு. வரகுக்கும் எள்ளுக்கும் அந்த வசதி வரும்வரை, கடைமடை விவசாயி தண்ணீர் வருமா என்று தெரியாமலேயே நெல்லை விதைத்துக்கொண்டிருப்பார்.