எத்தில் அயோடைடும் இருபத்தைந்து நிமிடமும்: ஐசோடோப்புப் பரிமாற்ற வேகவியலும் கதிர்வீச்சு வேதியியலும் சந்தித்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஹாலஜன் சேர்மங்களில் நிகழும் ஐசோடோப்புப் பரிமாற்றத்தின் வேகவியலும், அதே சேர்மங்கள் கதிர்வீச்சால் சிதைவதை ஆராயும் கதிர்வீச்சு வேதியியலும் இன்று வேறுவேறு இயல்களாகக் கற்பிக்கப்படுகின்றன. 1903 முதல் 1950கள் வரையிலான சில முதன்மைச் சோதனைகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது இவை ஒரே ஐயத்திலிருந்து கிளைத்தவை என்பது புலனாகிறது. ‘ஓர் அயோடின் அணு இடம் மாறியதென்றால், அதை மாற்றியது வினையா, கதிரா?’ என்பதே அந்த ஐயம். ஒரு துறை பிழை என்று விலக்க முயன்றதையே மற்றத் துறை ஆய்வுப்பொருளாகக் கொண்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஐசோடோப்புப் பரிமாற்றம், ஸிலார்டு–சால்மர்ஸ் விளைவு, வால்டன் தலைகீழாக்கம், கதிர்வீச்சுச் சிதைவு, அயோடின், தனி உறுப்பு

முன்னுரை

ஒரு கரைசலில் எத்தில் அயோடைடும் சோடியம் அயோடைடும் சேர்ந்திருக்கின்றன என்று கொள்வோம். சோடியம் அயோடைடிலுள்ள அயோடின் எத்தில் தொகுதிக்குச் செல்கிறது. அங்கிருந்த அயோடின் வெளியேறி அயோடைடாகிறது. வினை நிகழ்ந்துவிட்டது. ஆனால் கரைசலில் எதுவும் மாறவில்லை. நிறமும் செறிவும் கொதிநிலையும் முன்பு போலவே உள்ளன. தராசும் தரம்பார்த்தலும் காட்டமுடியாத இவ்வினையைக் காண ஒரே வழி, வரும் அணுவுக்கும் போகும் அணுவுக்கும் இடையே ஓர் அடையாள வேறுபாட்டை வைப்பது. அந்த அடையாளமே கதிரியக்க ஐசோடோப்பு.

1913ஆம் ஆண்டில் பிரெடெரிக் சோடி அறிமுகப்படுத்திய ‘ஐசோடோப்பு’ என்னும் சொல்லின் பொருள் ‘ஒரே இடம்’ என்பதாகும். தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில் அமர்பவை என்ற அப்பொருளைத் தமிழின் ‘ஓரிடத்தான்’ சிதையாமல் தருகிறது. ஈழத்துப் பாடநூல்களின் ‘சமதானி’யும் அவ்வாறே. சொல் ஓரிடத்தைச் சொல்ல, இக்கட்டுரையோ அணு இடம்பெயர்வதைப் பேசுகிறது. இம்முரண் தற்செயலானது எனினும் நினைவில் கொள்ளத்தக்கது. அட்டவணையில் ஒரே இடத்தில் இருப்பதனால்தான் மூலக்கூற்றில் ஒன்றன் இடத்தை மற்றொன்று எடுத்துக்கொள்ள முடிகிறது.

சுவடறி முறைக்கு வித்திட்டவர்கள் ஹெவெஷியும் பானெத்தும். 1913இல் வியன்னாவில் ஈயத்தின் இயற்கைக் கதிரியக்க ஐசோடோப்பைக் கொண்டு அவர்கள் அதைத் தொடங்கினர். 1920இல் ஹெவெஷியும் செக்மைஸ்டரும் ஈயச் சேர்மங்களுக்கிடையே அணுப்பரிமாற்றத்தை ஆராய்ந்தனர். அயனிகளாகப் பிரியும் ஈய உப்புகளிடையே பரிமாற்றம் விரைந்து நிகழ்ந்தது; ஈயம் நேரடியாகக் கார்பனோடு பிணைந்திருந்த சேர்மத்தில் நிகழவில்லை. இந்த வேறுபாடே பின்னர் ஹாலஜன் ஆய்வுகளின் அச்சாணியாயிற்று. ஆயினும் குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றுக்கு ஆய்வகத்தில் பயன்படும் இயற்கைக் கதிரியக்க ஐசோடோப்பு இல்லாமையால், ஹாலஜன்கள் 1934 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஊதா நிறம்

காலவரிசையில் கதிர்வீச்சு வேதியியலே மூத்தது. 1903இல் ஹார்டியும் எடித் வில்காக்கும் குளோரோஃபார்மில் கரைத்த அயோடோஃபார்மை ரேடியம் புரோமைடின் கதிர்களுக்கு உட்படுத்தினர். கரைசல் ஊதா நிறமாயிற்று. அயோடின் விடுபட்டது என்பதே அதன் பொருள். இதற்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது என்பதையும், ஒளியும் இதே விளைவைத் தருகிறது என்பதையும் அவர்கள் கவனித்தனர். ஹார்டி உயிரியல் சார்ந்தவர். உயிர்ப்பொருளின்மீது ரேடியத்தின் செயலை விளங்கிக்கொள்ள முயல்வோர்க்கு, கண்ணால் காணக்கூடிய ஒரு வேதிமாற்றம் வேண்டியிருந்தது.

இச்சோதனையைப் பரிமாற்ற வேகவியலின் வரலாற்றில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. கார்பன்–அயோடின் பிணைப்பு கதிருக்கும் ஒளிக்கும் எளிதில் இடங்கொடுக்கும் என்பதை முதலில் கண்ணுக்குக் காட்டியது இதுவே. அவ்வெளிமை பின்வந்தோருக்கு வசதியாகவும் இடையூறாகவும் இருந்தது.

மருத்துவமனை ரேடியமும் ஒரு துளி அயோடினும்

1934 தொடக்கத்தில் ஜோலியோ–கியூரி இணையர் செயற்கைக் கதிரியக்கத்தை அறிவித்தனர். சில வாரங்களில் ரோமில் ஃபெர்மி, நியூட்ரான்களைக் கொண்டு தனிமத்தின்பின் தனிமமாகக் கதிரியக்கமூட்டினார். அயோடினும் அதில் அடங்கும். இயற்கை அயோடினுக்கு 127 என்ற ஒரே நிறை எண் உண்டு. அது நியூட்ரானை ஏற்று அயோடின்-128 ஆகிறது. இதன் அரை ஆயுட்காலம் சுமார் 25 நிமிடம்.

ஃபெர்மியின் முறையில் ஒரு வேதிச் சிக்கல் எஞ்சியது. நியூட்ரானை ஏற்று உருவாகும் புதிய அணுவும் பழைய தனிமமே. கோடானுகோடி சாதாரண அயோடின் அணுக்களிடையே மறைந்துகிடக்கும் சில கதிரியக்க அயோடின் அணுக்களை எவ்வாறு பிரிப்பது? ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகளை வேதிமுறையால் பிரிக்க இயலாது என்பதே அன்றைய பொதுநம்பிக்கை.

இதற்கு விடை கண்டவர் லியோ ஸிலார்டு. ஜெர்மனியிலிருந்து வெளியேறி லண்டனில் தங்கியிருந்த அவர், 1934 கோடையில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் ரேடியத்தைப் பயன்படுத்த இசைவு பெற்றார். நோயாளிகளுக்கு அது அதிகம் தேவைப்படாத பருவம் அது. அங்குப் பணியாற்றிய சால்மர்ஸுடன் இணைந்து, ரேடியம்–பெரிலியம் மூலத்திலிருந்து வரும் நியூட்ரான்களை எத்தில் அயோடைடின்மீது செலுத்தினார். பின் ஒரு துளியளவு தனி அயோடினைச் சேர்த்து, அதை ஒடுக்கி, நீரில் பிரித்தெடுத்து, வெள்ளி அயோடைடாக வீழ்படிவாக்கினார். கதிரியக்கத்தின் பெரும்பகுதி அவ்வீழ்படிவில் இருந்தது.

இதன் காரணத்தை எளிய கணக்கு விளக்கும். நியூட்ரானை ஏற்ற அணுக்கரு தன் மிகை ஆற்றலைக் காமாக் கதிராக வெளியிடும்போது, துப்பாக்கி பின்னுதைப்பதுபோல் அணுவும் பின்னுதைக்கப்படுகிறது. 40 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு காமாக் கதிர் வெளியேறினால், அயோடின்-128 பெறும் பின்னுதைப்பு ஆற்றல் ஏறத்தாழ 67 எலெக்ட்ரான் வோல்ட். கார்பன்–அயோடின் பிணைப்பை முறிக்க 2 முதல் 3 எலெக்ட்ரான் வோல்ட் போதும். ஆகவே புதிய அணு தன் மூலக்கூற்றை விட்டு விலகுகிறது.

விலகினால் மட்டும் போதாது என்பதைப் பெரும்பாலான நூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. விலகிய அயோடின், சுற்றியுள்ள எத்தில் அயோடைடின் சாதாரண அயோடினோடு உடனுக்குடன் இடம் மாற்றிக்கொண்டால் பிரிப்பு முழுவதும் வீணாகும். எனவே ஸிலார்டின் வெற்றி அணுக்கரு இயற்பியலின் வெற்றி மட்டுமன்று. தனி அயோடினுக்கும் எத்தில் அயோடைடுக்கும் இடையிலான பரிமாற்றம் மெதுவானது என்னும் வேகவியல் உண்மையும் அதைத் தாங்கி நிற்கிறது. யாரும் அளக்க எண்ணாத ஒரு வேகமாறிலி அச்சோதனைக்குள் மறைந்திருந்தது.

மற்றொன்றும் மறைந்திருந்தது. ரேடியம் நியூட்ரான் தோன்றக் காரணமாவதோடு காமாக் கதிரையும் சொரிகிறது. அக்கதிர் எத்தில் அயோடைடைச் சிதைத்துச் சாதாரண அயோடினை விடுவிக்கிறது. ஹார்டியும் வில்காக்கும் கண்ட அதே ஊதா. மெலிந்த மூலத்தில் இது பொருட்படுத்தத்தக்கதன்று. பின்னாளில் இம்முறை அணு உலைக்குள் சென்றபோது, கதிர்வீச்சால் விடுபட்ட சாதாரண அயோடின் கதிரியக்க அயோடினை நீர்க்கச்செய்து, பிரிப்பின் பயனையே குறைத்தது.

இரு மடங்கு

1896இல் வால்டன் கண்ட தலைகீழாக்கம் நாற்பதாண்டுகளாகக் கரிம வேதியியலின் புதிராக இருந்தது. பதிலீட்டு வினையில் புதிய தொகுதி பழையதன் பக்கமே வந்து அமர்கிறதா, எதிர்ப்புறமிருந்து நுழைந்து மூலக்கூற்றைக் காற்றில் திருப்பிய குடைபோல் புரட்டுகிறதா? வருவதும் போவதும் வெவ்வேறு தொகுதிகளாயின், வினைமுன் பொருளையும் வினைவிளை பொருளையும் ஒப்பிடுவதில் எப்போதும் ஓர் ஊகம் கலந்திருக்கும். வருவதும் போவதும் அயோடினே என்றால் ஊகத்திற்கு இடமில்லை.

1935இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஹியூஸ், யூலியஸ்புர்கர், மாஸ்டர்மன், டாப்ளி, வைஸ் ஆகிய ஐவர் இதைச் செய்தனர். ஒளிசுழற்றும் தன்மையுள்ள இரண்டாம்நிலை ஆக்டைல் அயோடைடை, அசிட்டோனில் கதிரியக்கமூட்டிய சோடியம் அயோடைடுடன் வினைப்படுத்தி இரண்டை அளந்தனர்: கதிரியக்கம் கரிமச் சேர்மத்திற்குள் நுழையும் வேகம், ஒளிசுழற்சி குன்றும் வேகம்.

100 மூலக்கூறுகள் அனைத்தும் வலஞ்சுழி என்க. ஒன்று புரண்டால் 99 வலஞ்சுழியும் 1 இடஞ்சுழியும் எஞ்சும். அந்த ஓர் இடஞ்சுழி மற்றொரு வலஞ்சுழியின் விளைவை ஈடுசெய்வதால் நிகரச் சுழற்சி 98 ஆகும். ஒவ்வொரு பதிலீடும் புரட்டுமானால், தொடக்கத்தில் சுழற்சி குன்றும் வேகம் பரிமாற்ற வேகத்தின் இரு மடங்காக வேண்டும். புரட்டாத பதிலீடாயின் சுழற்சி குன்றவே கூடாது. இருபுறமும் சமவாய்ப்பாயின் இரு வேகங்களும் சமமாக வேண்டும். சோதனைப் பிழையின் எல்லைக்குள் கிடைத்த விடை: இரு மடங்கு.

‘கதிரியக்கச் சுவடு வால்டன் புதிரை விடுவித்தது’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. சுவடு மட்டும் இருந்தால் பரிமாற்றம் நிகழ்கிறது என்று தெரியும். சுழற்சிமானி மட்டும் இருந்தால் சுழற்சி குன்றுகிறது என்று தெரியும். இரண்டின் விகிதமே சான்று. அதிலும் கதிரியக்க அளவீடு கடிகாரத்தோடு போட்டியிட்டுச் செய்யப்பட்டது. 100 நிமிடம் கடந்தால் அயோடின்-128இல் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். வினை, பிரிப்பு, எண்ணுதல் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும்.

ஐவருள் இறுதிப் பெயரான ஜோசஃப் வைஸ் இக்கட்டுரைக்கு முதன்மையானவர். ஃபிரிட்ஸ் ஹேபரின் உதவியாளராக இருந்து, 1933இல் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து வந்தவர். கதிர்வீச்சில் நீர் ஹைட்ரஜன் அணுவாகவும் ஹைட்ராக்சில் தனி உறுப்பாகவும் பிளவுபடுகிறது என்றும், கரைபொருளோடு வினைபுரிபவை அவையே என்றும் 1944இல் எழுதியவரும் அவரே. அக்கருத்தின் சாயல் முன்பும் தென்பட்டதுண்டு எனினும், கதிர்வீச்சு வேதியியல் அதன்மீதே வளர்ந்தது. இரு பட்டியல்களிலும் ஒரு பெயர் இருப்பதால் மட்டும் இரு துறைகளும் உறவாகிவிடா. உறவு உள்ளடக்கத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி.

நேர்க்கோடு சொல்வதும் சொல்லாததும்

1938இல் மக்கே வெளியிட்ட ஒரு சிறு குறிப்பு பரிமாற்ற வேகவியலுக்கு அதன் இலக்கணத்தைத் தந்தது. பரிமாற்றத்தின்போது வேதிச் செறிவுகள் மாறுவதில்லை. ஆகவே மொத்தப் பரிமாற்ற வேகமும் மாறுவதில்லை. எனவே, வினையின் வழிமுறை எதுவாயினும், பரிமாறாது எஞ்சிய பின்னத்தின் மடக்கையைக் காலத்திற்கு எதிராக வரைந்தால் நேர்க்கோடே கிடைக்கும். இது வசதியும் எச்சரிக்கையும் ஆகும். நேர்க்கோடு கிடைத்ததாலேயே முதல்வகை வினை என்று எழுதிவிட முடியாது. வழிமுறையை அறிய, செறிவுகளை மாற்றி மாற்றி மொத்த வேகம் எவ்வாறு மாறுகிறது என்று பார்த்தாக வேண்டும். முதுகலை ஆய்வேடுகளில் இன்றும் இப்பிழை தலைகாட்டுவது வியப்பன்று. கோடு அவ்வளவு அழகாக விழுகிறது.

மக்கேயின் விதிக்குள் சொல்லப்படாத ஒரு நிபந்தனை உண்டு: அடையாளமாகச் சேர்த்த பொருளின் கதிர் தானே பிணைப்புகளை முறிக்கக் கூடாது. முறித்தால் தனி அயோடின் பெருகும், செறிவுகள் மாறும், கோடு வளையும். ஒளி பட்டாலும் அயோடின் மூலக்கூறு அணுக்களாகப் பிரிந்து பரிமாற்றத்தைத் தூண்டும். எனவே வெப்பவழிப் பரிமாற்றத்தை அளப்பவர் இருளில் அளக்க வேண்டும். மெலிந்த கதிரியக்கத்தோடு அளக்க வேண்டும்.

அதே 1938இல் லிவிங்குட், ஸீபோர்க் இருவரும் பெர்க்லியில் அயோடின்-131ஐக் கண்டனர். அரை ஆயுட்காலம் 8 நாள். போருக்குப்பின் அணு உலைகளிலிருந்து அது தாராளமாகக் கிடைக்கவே, 25 நிமிட அவசரம் மறைந்தது. ஆய்வுக் கேள்வியும் திசை திரும்பியது. 1952இல் கெவன்ட்மனும் வில்லியம்ஸும், கதிர்வீச்சில் சிதையும் ஹைட்ரோகார்பன்களிலும் ஆல்கைல் அயோடைடுகளிலும் தோன்றும் தனி உறுப்புகளைப் பிடிக்கக் கதிரியக்க அயோடினைப் பயன்படுத்தினர். மெத்தில் உறுப்பு அயோடினைச் சந்தித்தால் மெத்தில் அயோடைடு, எத்தில் உறுப்பு சந்தித்தால் எத்தில் அயோடைடு. எதில் எவ்வளவு கதிரியக்கம் ஏறியது என்பதிலிருந்து எந்த உறுப்பு எவ்வளவு உருவானது என்று கணக்கிடலாம். இங்கே பாத்திரங்கள் இடம் மாறிவிட்டன. பரிமாற்றத்தை அளப்பவர்க்குக் கதிர்ச்சிதைவு பிழை; தனி உறுப்பை எண்ணுபவர்க்குப் பரிமாற்றம் பிழை. உருவான எத்தில் அயோடைடு பின்னர் அயோடினோடு பரிமாறிக்கொண்டால் கணக்கு கெடும். 1934இல் ஸிலார்டின் குப்பியைக் காத்த அதே மெதுவான பரிமாற்றமே இங்கும் துணைநின்றது.

கார்பன் டெட்ராகுளோரைடில் இவ்வுறவு மேலும் நெருங்கியது. காமாக் கதிரில் அது குளோரினையும் ஹெக்சாகுளோரோ ஈத்தேனையும் தருகிறது. பிளவுண்ட டிரைகுளோரோமெத்தில் உறுப்போ குளோரின் மூலக்கூற்றைச் சந்தித்தால் மீண்டும் கார்பன் டெட்ராகுளோரைடாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்குச் சிதைவு நிகழாததுபோல் தோன்றும். 1950களில் இக்குளோரினைக் குளோரின்-36 கொண்டு அடையாளமிட்டு, திரும்பிச் சேர்ந்த மூலக்கூறுகளில் ஏறிய கதிரியக்கத்தைக் கொண்டு, முறிந்து மீண்ட பிணைப்புகளைக் கணக்கிட்டனர். இங்குக் கதிர் தூண்டிய பரிமாற்றமே கதிர்ச்சிதைவின் அளவுகோல். குளோரின்-36இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டு. எண்ணுபவர் இரவு உறங்கி மறுநாள் வந்தும் எண்ணலாம்.