1.5 பெரியதா, 1.43 பெரியதா?

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா போன். "ஏலே, நம்ம வீட்டு விக்கியத் தொறந்தா வெறும் வெள்ளையா இருக்கு. ஒரு எழுத்துகூட வரமாட்டேங்கு."

புனே வந்த புதிதில், 2009-ல், சொந்தக்காரர்களுக்காக மீடியாவிக்கி நிறுவி ஒரு குடும்ப விக்கி தொடங்கினேன். யார் யாருக்கு என்ன உறவு, குலதெய்வம் கோயில் படங்கள் எல்லாம் அதில் உண்டு. முக்கியமாக, பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சொல்லச் சொல்ல நான் தட்டிய சமையல் குறிப்புகள். பெரியம்மா 2017-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் குறிப்புகளுக்கு வேறு பிரதி கிடையாது.

விக்கியை நான் கடைசியாகப் புதுப்பித்தது 2014-ல், வெர்ஷன் 1.23. சர்வரில் பிஎச்பி-யை மாற்றியதும் அது படுத்துவிட்டது. தப்பு என்மேல்தான். இப்போது போட வேண்டியது 1.43. புள்ளிக்குப் பின்னால்தானே மாறியிருக்கிறது, அரைமணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் பட்டியலை எட்டிப் பார்த்து, "அப்பா, 1.5-னு ஒண்ணு இருக்கே, அதுதானே பெருசு?" என்றாள். கணக்கு டீச்சரைக் கேட்டால் அவள் கட்சிதான்.

இந்த எண்களுக்கு ஒரு கதை இருக்கிறது. 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியபோது ஓடியது யூஸ்மாட்விக்கி என்ற சின்ன பெர்ல் நிரல். கூட்டம் சேர்ந்ததும் அது தாங்கவில்லை. மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மன் மாணவர் பிஎச்பி-யில் புதிதாக ஒன்று எழுத, 2002 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா அதற்கு மாறியது. ஆறே மாதத்தில் அதுவும் திணற, லீ டேனியல் குரோக்கர் மறுபடி எழுதினார். இவற்றுக்கு வெர்ஷன் எண் எதுவும் இல்லை. இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்றே பேசிக்கொண்டார்கள். பயன்படுத்தியது ஒரே இடம், எண் எதற்கு?

எண் தேவைப்பட்டது மற்றவர்களும் எடுத்துப் போட ஆரம்பித்தபோதுதான். மீடியாவிக்கி என்ற பெயரே 2003-ல் வந்தது. முதலில் வெளியான நாளையே அடையாளமாக வைத்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் 1.1 வந்தது. (தமிழ் விக்கிப்பீடியா பிறந்ததும் அதே வருஷம் செப்டம்பரில்தான்.) அன்று வைத்த அந்த 1, இருபது வருஷம் தாண்டியும் அப்படியே நிற்கிறது.

அதற்காக உள்ளே எதுவும் மாறவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2005-ல் வந்த 1.5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை கட்டுரையின் இன்றைய வடிவம் ஓர் அட்டவணையில், பழைய வடிவங்கள் இன்னொன்றில். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழு உரையையும் அங்கிருந்து இங்கே நகர்த்த வேண்டும். 1.5-ல் பக்கம், திருத்தம், உரை என்று மூன்றாகப் பிரித்து அடித்தளத்தையே மாற்றினார்கள்.

இன்னொன்று, நம் எழுத்து சம்பந்தப்பட்டது. அதுவரை ஆங்கில விக்கிப்பீடியா மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறையில் இருந்தது. அங்கே தமிழில் ஒரு பெயர் எழுதினால், 'த' என்ற எழுத்து உள்ளே 2980 என்ற எண்ணாகவும் அதைச் சுற்றிச் சில குறிகளாகவும் உட்கார்ந்திருக்கும். திருத்தப் போனால் கண்ணில் படுவது எண் வரிசைதான். 1.5 வந்ததும் யூனிகோடு மட்டும்தான் என்றாயிற்று. 2005 ஜூன் கடைசியில் ஆங்கில விக்கிப்பீடியாவும் மாறியது. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் 2.0 என்று பெயர் வைத்து விழா எடுத்திருப்பார்கள். இவர்கள் 1.4-க்கு அடுத்தது 1.5 என்று போய்விட்டார்கள் :-)

2007-ல் 1.9-க்குப் பிறகு வந்தது 1.10. அங்கேதான் என் மகளின் கணக்கு உதைக்கிறது. அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை, வீட்டு எண்ணில் போடுகிற கோடு மாதிரி ஒரு பிரிப்பு. ஒன்றாம் தெருவில் ஐந்தாம் வீடு, நாற்பத்து மூன்றாம் வீடு, அவ்வளவுதான். மீடியாவிக்கியில் பெரிய மாற்றமெல்லாம் நடு எண்ணில்தான் வரும். மூன்றாம் எண் பழுதுபார்ப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கும். பொருந்தாத மாற்றம் வந்தால் முதல் எண்ணை ஏற்று என்று செமாண்டிக் வெர்ஷனிங் சொல்கிறது. இவர்கள் அந்த வழிக்கு வரவில்லை. தொழில்காரனாக எனக்கு இதில் குறை இல்லை. ஆனால் என்னை மாதிரி ஏமாறுகிற வீட்டு உபயோகக்காரனை நினைத்தால், அந்த 1 எதற்கு நிற்கிறது என்றுதான் தோன்றுகிறது.

விக்கிப்பீடியாவுக்கே இந்தக் கவலை இல்லை. அங்கே வாரம் ஒரு புது வடிவம்: செவ்வாய் சோதனைத் தளங்கள், புதன் விக்சனரி மாதிரி சகோதரத் திட்டங்கள், வியாழன் பெரும்பாலான விக்கிப்பீடியாக்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை வரும் எண்கள் நமக்காகத்தான். அதிலும் 1.23, 1.27, 1.31 என்று நாலுக்கு ஒன்று மூன்று வருஷ ஆதரவோடு வரும். என் 1.23-க்கு ஆதரவு 2017 மே மாதத்தோடு முடிந்திருந்தது.

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். இப்போதைய விதிப்படி, நீண்ட ஆதரவு வெர்ஷன்களில் இரண்டு பின்னால் இருப்பதிலிருந்துதான் நேரடியாக ஏறலாம். 1.43-க்கு ஏற வேண்டுமானால் குறைந்தது 1.35-ல் நின்றிருக்க வேண்டும். 1.35-க்குப் பழைய பிஎச்பி, 1.43-க்கு 8.1 அல்லது அதற்கு மேல். பழைய லேப்டாப்பில் 7.4-ஐப் போட்டு, தரவுத்தளத்தை இரண்டு பிரதி எடுத்துவைத்துவிட்டு, 1.35-க்கு ஏற்றினேன். பிறகு 1.43. மூன்று ராத்திரி போயிற்று.

நாலாம் நாள் சொதி பக்கம் திறந்தது. மாற்ற வரலாற்றில் 2009-ல் நான் தட்டிய முதல் வரிகூட இருந்தது, எழுத்துப்பிழையோடு.

சித்தப்பாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"எல்லாம் இருக்குடே. சொதிக்குத் தொட்டுக்க இஞ்சிப் பச்சடி இருக்குமே, அதைக் காணோமே?"

"அது தொலையல சித்தப்பா. பெரியம்மா சொல்றேன் சொல்றேன்னு சொல்லவே இல்ல."