பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம்

மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைப் பெரிதும் கூட்டும் பரம்பரைக் கோளாறு. பழுதான டி.என்.ஏ.வைச் சீராக்க உதவும் இரு மரபணுக்களில் நேர்வது. முதலாவது 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் அமெரிக்க அறிவியலாளர் மேரி-கிளேர் கிங் காட்டினார். பெற்றோரில் ஒருவருக்கு மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. தாய்வழியில் மட்டுமே வரும் என்பது பரவலான தவறு, தந்தையும் கடத்துவார். ஆகவே அத்தைக்கு வந்த நோயை மூடி மறைத்தால், பாதிக்கப்படுவது அவருடைய அண்ணன் மகளாகவும் இருக்கலாம். குடும்பத்தில் மாற்றம் உள்ளதா என அறிய, கூடுமானவரை, நோயுற்ற உறவினரையே முதலில் சோதிப்பார்கள். மாற்றமுள்ளோரில் பிள்ளை பெற விரும்புவோர், சோதனைக்குழாய் முறையில் உருவாகும் கருக்களைச் சோதித்து, மாற்றமில்லாத கருவைத் தேர்ந்து கருப்பையில் வைக்கலாம், செலவு அதிகம். முதல் மரபணுவில் மாற்றமுள்ள பெண்களுக்குச் சினைப்பை அகற்றும் அறுவை பொதுவாக 35–40 வயதில் பரிந்துரைக்கப்படுகிறது.