குடிக்கூலி வீடும் மின்சாரப் பரிசோதனையும்

1881-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், லண்டன் சவாய் நாடகசாலையின் அதிபரான ரிச்சர்ட் டாய்லி கார்ட் மேடைக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த மின்சார விளக்கொன்றை மெல்லிய மஸ்லின் துணியால் சுற்றிச் சபையோர் காண உடைத்து, துணி சிறிதும் கருகாதிருப்பதை எடுத்துக் காட்டினார். வாயு விளக்கின் ஜ்வாலை பற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தோடே நாடகம் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு அது பெரியதோர் ஆறுதல். விளக்கில் அபாயம் இல்லை என்று அவர் காட்டியது மெய்யே. எனினும் விளக்குக்குச் சக்தியைக் கொண்டுவரும் கம்பியில் அபாயம் உண்டென்பதை உணர்ந்த தந்திப் பொறியாளர் சங்கத்தார், மறு ஆண்டே தீ விபத்தைத் தடுப்பதற்கான விதிகளை நான்கு பக்கங்களில் அச்சிட்டு வெளியிட்டார்கள். பீனிக்ஸ் என்னும் தீக் காப்பீட்டு ஸ்தாபனமும் அதே காலத்தில் தனக்கென விதிகள் வகுத்துக்கொண்டது. இரண்டின் முதன்மையான நோக்கமும் கட்டடம் எரியாமல் இருக்க வேண்டும் என்பது. அந்தக் கட்டடத்திலே வாடகைக்குக் குடியிருப்பவரைப் பற்றித் தனியாக ஒரு கவலை அப்போது எழவில்லை.

அந்தக் கவலை எழுவதற்குக் காரணங்கள் காலப்போக்கில் சேர்ந்தன. அக்காலத்துக் கம்பிகளுக்கு ரப்பர் உறையிட்டு, மரச் சட்டங்களுக்குள் வைத்துச் சுவரோரமாகக் கொண்டுபோவார்கள். சில பத்தாண்டுகள் கழிந்தால் அந்த ரப்பர் உலர்ந்து, வெடித்து, தொட்டால் உதிரும் பதத்துக்கு வந்துவிடும். ஆனால் விளக்கு மட்டும் வழக்கம்போல் எரிந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரர் சுவருக்கு வர்ணம் பூசுவார், உள்ளிருக்கும் கம்பியைப் பார்க்கமாட்டார். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை விளக்கு மாட்டும் ஹோல்டரிலேயே செருகி, எர்த் கம்பி என்பதே இல்லாமல் காலந்தள்ளிய இல்லங்கள் பிரிட்டனில் அநேகம்.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் கரோலின் ஹாஸ்லெட் என்ற பெண்மணி நினைக்கத்தக்கவர். 1924-இல் தொடங்கிய பெண்கள் மின்சாரச் சங்கத்தை நடத்தி வந்த அவர், யுத்த காலத்தில் அமைந்த மின்னமைப்புக் குழுவிலும் இடம்பெற்றார். அக்குழுவில் அவர் ஒருவரே பெண். 1944-இல் வெளியான அக்குழுவின் அறிக்கையைத் தழுவி 1947-இல் நிர்ணயிக்கப்பட்ட மூன்று முனைப் பிளக்கின் நீண்ட எர்த் முனை முதலில் சாக்கெட்டினுள் நுழைந்து மூடியைத் திறந்தாலன்றி அதன் மற்றத் துளைகள் திறவா. குழந்தையின் விரலோ ஊசியோ உட்புகாதபடி காக்கும் உபாயம் அது. ஆயினும் புதிய வீடுகளுக்குப் புதிய பிளக் வந்ததேயன்றி, பழைய வாடகை வீடுகளின் பழைய கம்பி அப்படியே கிடந்தது.

சட்டம் அசையாமல் இருந்ததென்று சொல்வதற்கில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்பு 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் மின்சார அமைப்பைப் பழுது பார்த்து வைக்கும் பொறுப்பை வீட்டுக்காரர்மேல் சுமத்தின. பழுது பார்ப்பதோ, பழுது தெரிந்து குடித்தனக்காரர் முறையிட்ட பிறகு நிகழ்வது. கம்பியின் கேடோ கண்ணுக்குத் தெரியாதது. வாயு அடுப்புக்கும் கொதிகலனுக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயமாகிவிட்ட பிறகும், பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும் வீடுகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு பரிசோதனை 2006-இல் விதிக்கப்பட்ட பிறகும், சாதாரண வாடகை வீட்டின் மின்சாரம் வீட்டுக்காரரின் மனசாட்சியையே நம்பி நின்றது.

அத்தகைய வீடுகளுக்கும் மின்சாரப் பரிசோதனையைக் கட்டாயமாக்குவதில் ஸ்காட்லாந்து 2015 டிசம்பரில் முந்திக்கொண்டது. இங்கிலாந்தில் 2020 ஜூலை முதல் புதிய குடித்தனங்களுக்கும், 2021 ஏப்ரல் முதல் தனியார் வாடகை வீடுகள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும், ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் தகுதியுள்ள பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும் என்றாயிற்று. அவர் மெயின் போர்டைத் திறந்து, மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளுக்கிடையே 500 வோல்ட் செலுத்தி உறையின் தடைத்திறனை அளக்கிறார். எர்த் தொடர்ச்சியைச் சோதிக்கிறார். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய கருவி உரிய நேரத்தில் துண்டிக்கிறதா என்று பார்க்கிறார். கண்ட குறைகளுக்கு, உடனடி அபாயம், அபாயத்துக்கு இடமுள்ளது, திருத்தினால் நலம் என்று தரம் பிரித்து எழுதுகிறார். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் 28 நாட்களுக்குள் சீர்செய்தாக வேண்டும். அறிக்கையின் பிரதி குடித்தனக்காரர் கைக்குப் போக வேண்டும். தவறினால் அபராதம் 30,000 பவுன் வரை என்று அவ்விதி வகுத்தது. 1882-இல் பொறியாளர்கள் யோசனையாகக் கூறிய விதிகளின் பதினெட்டாம் பதிப்பே இச்சட்டத்தின் அளவுகோலாக அமைந்தது.

கட்டடத்தைக் காக்கப் பிறந்த விதி, அதில் வாழும் வாடகைக் குடும்பத்தையும் காக்கும் சட்டமாக முதிர 138 ஆண்டுகள் பிடித்தது வருந்தத்தக்கதே. வாடகை கொடுப்பவருக்குச் சுவரைப் பிளந்து பார்க்கும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ, முறையீடு வரும்வரை காத்திராமல் தாமே முன்வந்து பார்க்கும் கடமையும் அவரையே சாரும் என்பது, சட்டம் சொல்வதற்கு முன்பும் நியாயமாகவே இருந்தது.