அட்ரீனல், பிட்யூட்டரி: விலங்குகளில் சோதித்து அறிந்த வரலாறு

வீட்டில் வளரும் ஒரு வயதான நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. வயிறு தொங்குகிறது. இரண்டு பக்கமும் முடி கொட்டுகிறது. கால்நடை மருத்துவர் அதற்குச் சிறிது இரத்தம் எடுக்கிறார். ஓர் ஊசி போடுகிறார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுக்கிறார். அவ்வளவுதான், சோதனை முடிந்தது! நாய் வாலை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுகிறது.

இந்த எளிய சோதனைக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் இருந்த நாய்கள் எதுவும் வீட்டுக்குப் போகவில்லை.

எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். இவை எதற்காக இருக்கின்றன என்பது 19ஆம் நூற்றாண்டின் பாதி வரை யாருக்கும் தெரியாது. 1855ல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். உடல் தளர்ந்து, தோல் கறுத்து அவர்கள் இறந்துபோனார்கள். பிரேதப் பரிசோதனையில் அட்ரீனல் சுரப்பிகள் கெட்டுப்போயிருப்பது தெரிந்தது.

அடுத்த ஆண்டே பாரிஸில் பிரவுன் செக்கார் என்பவர் விலங்குகளின் இரண்டு அட்ரீனல்களையும் வெட்டி எடுத்துப் பார்த்தார். அவை சீக்கிரமே இறந்தன. "உயிர் வாழ இச்சுரப்பி அவசியம்" என்பது அவருடைய முடிவு. மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அறுவையின் அதிர்ச்சியால் இறந்திருக்கலாமே என்றார்கள். அதோடு, இதே அறுவை செய்யப்பட்ட வெள்ளெலிகள் பிழைத்துக்கொண்டன! எலிகளின் உடலில் வேறு இடங்களிலும் அட்ரீனல் திசுவின் துணுக்குகள் இருக்கக்கூடும் என்பது பின்னால்தான் புரிந்தது. ஒரு விலங்கில் கண்டதை அப்படியே இன்னொரு விலங்குக்குச் சொல்லிவிட முடியாது என்ற பாடம் அப்போதே கிடைத்தது.

திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்?

1890களில் ஜார்ஜ் ஆலிவர் என்ற மருத்துவரும் லண்டன் பேராசிரியர் எட்வர்ட் ஷேஃபரும் வேறு வழியில் போனார்கள். அட்ரீனலின் சாற்றை நாயின் இரத்தக் குழாயில் செலுத்தினார்கள். இரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறியது. 1901ல் ஜப்பானிய வேதியியலாளர் தகாமினே இந்தச் சாற்றிலிருந்து அட்ரீனலினைப் படிகமாகப் பிரித்துக் காட்டினார்.

ஆனால் ஒரு சிக்கல். அட்ரீனலின் கொடுத்தாலும் சுரப்பி இழந்த விலங்கு பிழைக்கவில்லை. ஏனென்றால் அட்ரீனலின் வருவது சுரப்பியின் உட்பகுதியிலிருந்து. உயிரைக் காப்பதோ அதன் வெளிப்பகுதியான புறணி. 1930ல் அமெரிக்காவில் ஸ்விங்கிள், ஃபிஃப்னர் இருவரும் புறணிச் சாற்றை மட்டும் கொடுத்து, அட்ரீனல் இல்லாத பூனைகளை உயிரோடு வைத்திருந்தார்கள். பிரவுன் செக்கார் சொன்னது சரி என்று ஐயமில்லாமல் நிலைநாட்ட முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது!

மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி

பிட்யூட்டரி சுரப்பி மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் இருப்பது. அதை எட்டுவதே கடினம். 1908ல் ருமேனியாவின் பவுலெஸ்கு, மண்டையோட்டின் பக்கவாட்டில் திறந்து நாய்களின் பிட்யூட்டரியை எடுத்தார். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கும் தம் குழுவினரோடு நாய்களில் இதைச் செய்து 1910ல் வெளியிட்டார். சுரப்பியை முழுதும் இழந்த நாய்கள் இறந்ததால், இதுவும் உயிருக்கு அவசியம் என்று இருவரும் நினைத்தார்கள்.

1912ல் வியன்னாவின் ஆஷ்னர் வாய் வழியாகச் சென்று மூளையைத் தொடாமல் எடுத்தார். நாய்கள் பிழைத்தன! ஆனால் குட்டிகள் வளரவே இல்லை. வயதாகியும் குட்டியாகவே நின்றுவிட்டன. முன்பு நாய்களைக் கொன்றதில் மூளைக்கு நேர்ந்த காயத்துக்குப் பங்கு உண்டு என்பது இதிலிருந்து விளங்கியது.

இரண்டு சுரப்பிகளையும் இணைத்துக் காட்டியவர் பிலிப் ஸ்மித். 1920களின் பிற்பகுதியில் எலிகளின் பிட்யூட்டரியை நேர்த்தியாக எடுத்தார். அட்ரீனலைத் தொடவே இல்லை. இருந்தும் அதன் புறணி சுருங்கியது! பிட்யூட்டரித் திசுவை நாள்தோறும் உடலில் பதித்ததும் மீண்டும் வளர்ந்தது. அப்படியென்றால் மேலிருந்து ஒரு கட்டளை வருகிறது. அந்தக் கட்டளைதான் ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன். 1943ல் பெர்க்லியில் செம்மறியாட்டிலிருந்தும், யேல் பல்கலைக்கழகத்தில் பன்றியிலிருந்தும் அது தூய்மையாகப் பிரிக்கப்பட்டது.

வெட்டுவதிலிருந்து அளப்பதற்கு

ஏ.சி.டி.எச். எவ்வளவு வலுவானது என்று அறிய 1948ல் ஒரு முறை வந்தது. பிட்யூட்டரி நீக்கிய எலிக்கு ஊசி போட்டு, அதன் அட்ரீனலில் வைட்டமின் சி எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் எலிகளின் உயிர்தான் விலை.

பிறகு யாலோவும் பெர்சனும் இன்சுலினுக்காக உருவாக்கிய கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீட்டு முறை எல்லாவற்றையும் மாற்றியது. இரத்தத் துளியிலுள்ள நுண்ணிய அளவு ஹார்மோனையும் எண்ணாகச் சொல்ல முடிந்தது. யாலோவுக்கு 1977ல் நோபல் பரிசு கிடைத்தது. சுரப்பியை எடுக்க வேண்டியதில்லை, அதனிடம் கேள்வி கேட்டாலே போதும் என்ற நிலை வந்தது.

இரண்டு கேள்விகள் உண்டு. ஏ.சி.டி.எச். கொடுத்தால் அட்ரீனல் கார்ட்டிசாலைச் சுரக்கிறதா? சுரக்காவிட்டால் அது அடிசன் நோய். மிகுதியாகச் சுரந்தால் குஷிங் நோயாக இருக்கலாம். அடுத்தது, கார்ட்டிசாலைப் போன்ற டெக்சாமெதசோனைக் கொடுத்தால் பிட்யூட்டரி "போதும்" என்று கட்டளையை நிறுத்துகிறதா? இந்தச் சோதனையை 1960ல் மனிதர்களுக்காக வகுத்தவர் கிராண்ட் லிடில். நாய்க்கு இன்று கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கொடுத்து, 4 மணி நேரத்திலும் 8 மணி நேரத்திலும் இரத்தம் எடுக்கிறார்கள்.

ஒரே ஒரு முறை கார்ட்டிசாலை அளந்தால் ஏன் போதாது? பயம் வந்தாலே அது ஏறிவிடும். மருத்துவமனை வாசலில் நடுங்கும் நாயை நோயாளி என்று சொல்லிவிட முடியுமா?

திரும்பி வந்த கடன்

1949ல் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியை நாய்களுக்கு ஊட்டி, அதன் நச்சுத்தன்மையைச் சோதித்தார்கள். அவற்றின் அட்ரீனல் புறணி கரைந்தது. அதிலிருந்து பிறந்த மைட்டோடேன் என்ற மருந்தே பிற்காலத்தில் குஷிங் நோயுள்ள நாய்களுக்கு மருந்தானது. 2008 முதல் டிரைலோஸ்டேன் என்ற மருந்துக்கும் அமெரிக்காவில் நாய்களுக்கென்றே அனுமதி உண்டு.

அடிசன், குஷிங் என்று மனித மருத்துவர்களின் பெயர் தாங்கிய நோய்கள் நாய்களுக்கும் வருகின்றன. அவற்றைக் கண்டறியும் அறிவு நாய், பூனை, எலி, ஆடு, பன்றி ஆகியவற்றின் உடலிலிருந்து வந்தது. இன்று காட்டு விலங்குகளைத் தொடாமல், அவற்றின் சாணத்திலேயே அட்ரீனல் ஹார்மோனின் எச்சங்களை அளந்து, அவை எவ்வளவு அழுத்தத்தில் இருக்கின்றன என்று மதிப்பிட முடிகிறது. கத்தியில் தொடங்கிய சோதனை சாணம் பொறுக்குவதில் வந்து நிற்கிறது. அறிவியல் முன்னேறியதன் அளவுகோல்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். பெயரில்லாத அந்த முதல் நாய்களுக்குப் பட்ட கடன் முழுதும் தீரவில்லை என்றாலும், அவற்றின் சந்ததிகளுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது.