அலெக்ஸிஸின் வயிறு யாருக்குச் சொந்தம்?

மருத்துவப் பத்திரிகைகளில் 'கேஸ் ரிப்போர்ட்' என்று ஒரு பகுதி உண்டு. லட்சத்தில் ஒருத்தருக்கு வர்ற அபூர்வமான சங்கதியை ஒரு டாக்டர் பார்த்துட்டார்னா, அதை எழுதி மற்ற டாக்டர்களுக்குச் சொல்ற இடம் அது. "ஆண், வயது இத்தனை, இன்ன தொந்தரவோடு வந்தார்" என்று ஆரம்பிக்கும். என்ன பார்த்தோம், என்ன மருந்து கொடுத்தோம், பிழைத்தாரா இல்லையா... அவ்வளவுதான். வந்தவர் யாரு, வீட்டுல எத்தனை பேரு, அதுக்கப்புறம் என்ன ஆனாருன்னு பெரும்பாலும் இருக்காது.

படிப்புக்காக இந்த மாதிரி நிறைய படிக்க வேண்டியிருக்கு. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வர்றது ஒரே ஒரு ஆள்தான். இந்தக் கேஸ்களுக்கெல்லாம் பெரியப்பா மாதிரி. ஜீரணம் பத்தின பாடம் எங்கே நடந்தாலும் இவர் பேர் இல்லாம நடக்காது. அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின். வயித்துல ஓட்டையோட 58 வருஷம் வாழ்ந்த மனுஷன்.

கதைக்கு வருவோம்.

1822, ஜூன் 6. அமெரிக்காவில் ஹியூரான், மிச்சிகன் ஏரிகள் சேர்ற இடத்துல மேக்கினா என்று ஒரு குட்டித் தீவு. மிருகத் தோல் வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலம். கனடாவிலிருந்து பிரெஞ்சு பேசும் இளைஞர்கள் படகு வலிக்கவும் மூட்டை தூக்கவும் கூலிக்கு வருவாங்க. அலெக்ஸிஸும் அப்படி வந்தவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. டாக்டரோட குறிப்புப்படி அப்போ வயசு 18 (ஆவணங்கள்ல வேற வேற கணக்கு இருக்கு).

அன்னிக்குக் காலையில அமெரிக்கன் ஃபர் கம்பெனியோட கடையில கூட்டம். யாரோ கையில வெச்சிருந்த துப்பாக்கி தவறுதலா வெடிச்சிடுச்சு. மூணடி தூரம்கூட இல்லை. பறவை சுடுற குண்டுகள் மொத்தமும் அலெக்ஸிஸோட இடது மார்புக்குக் கீழே பாய்ந்தது. உள்ளங்கையை விடப் பெரிய காயம். விலா எலும்பு நொறுங்கி, நுரையீரலோட ஒரு பகுதி வெளியே துருத்திக்கிட்டு, இரைப்பை கிழிஞ்சு, காலையில சாப்பிட்டது அந்த ஓட்டை வழியா வந்துக்கிட்டிருந்தது.

தீவுல இருந்த ஒரே டாக்டர், கோட்டையில ராணுவ மருத்துவரா இருந்த வில்லியம் போமான்ட். இவரும் பல்கலைக்கழகத்துல படிச்சவர் இல்லை. இன்னொரு டாக்டர்கிட்ட உதவியாளரா இருந்து தொழில் கத்துக்கிட்டவர். மயக்க மருந்து கிடையாது (அது வர இன்னும் 24 வருஷம் இருக்கு). கிருமின்னா என்னன்னே யாருக்கும் தெரியாது. 'ஒண்ணரை நாள் தாங்கினா பெரிசு' என்பதுதான் நிலைமை.

ஆனா பையன் தாங்கிட்டான். முதல் 17 நாள், வாயில போட்டது எல்லாம் விலாப்பக்கம் வந்துடுச்சு. ஆசனவாய் வழியாத்தான் சத்து ஏத்தினாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உணவு உள்ளே தங்க ஆரம்பிச்சது. காயம் ஆறியது. ஆனா ஆறின விதம்தான் அபூர்வம். இரைப்பையில இருந்த ஓட்டையோட விளிம்பும், வெளித்தோல்ல இருந்த ஓட்டையோட விளிம்பும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நேரா ஒரு வாசல் மாதிரி ஆயிடுச்சு. கொஞ்ச காலத்துல இரைப்பையோட உள்மடிப்பு ஒண்ணு வளர்ந்து அந்த வாசலுக்குக் கதவு மாதிரி மூடிக்கிச்சு. விரலால அமுக்கினா திறக்கும். உள்ளே எட்டிப் பார்க்கலாம்!

இதைத் தைச்சு மூட முடியாதான்னு கேட்பீங்க. பல மாசம் கட்டுப் போட்டுப் பார்த்தும் மூடலை, விளிம்பை வெட்டித் தைக்கிறதுக்கு அலெக்ஸிஸ் சம்மதிக்கலைன்னு போமான்ட் எழுதி வெச்சிருக்கார். அலெக்ஸிஸ் தன் பக்கத்தை எழுதி வைக்கலை. அதனால இந்த விஷயத்துல நமக்கு ஒரு பக்கம்தான் கிடைக்குது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

1823-ல ஊர் நிர்வாகம் 'இனிமே இந்த ஆளுக்குச் செலவு பண்ண முடியாது, கனடாவுக்குத் திருப்பி அனுப்பிடலாம்'னு முடிவு பண்ணிச்சு. அந்த நிலைமையில படகுல அனுப்பினா வழியிலேயே செத்திருப்பார். போமான்ட் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சோறு போட்டு, கட்டு மாத்தி, தேத்தி விட்டார். இதுக்கு அவருக்குப் பெரிய கும்பிடு போடலாம். உடம்பு தேறின பிறகு அலெக்ஸிஸ் அதே வீட்டுல விறகு வெட்டுற, எடுபிடி வேலை செய்ற ஆள் ஆனார்.

போமான்ட்டுக்கு மெல்லத்தான் பொறி தட்டுது. அந்தக் காலத்துல சாப்பாடு எப்படி ஜீரணம் ஆகுதுங்கறதுல ஒரே குழப்பம். இரைப்பை அம்மி மாதிரி அரைக்குதுன்னு ஒரு கட்சி. உடம்புச் சூட்டுல வேகுதுன்னு ஒரு கட்சி. புளிக்குது, அழுகுதுன்னு இன்னொரு கட்சி. பதினெட்டாம் நூற்றாண்டுலயே இத்தாலிக்காரர் ஸ்பலன்ஸானி துணிப்பையில உணவைக் கட்டித் தானே முழுங்கிப் பார்த்து, ஏதோ ஒரு திரவம்தான் கரைக்குதுன்னு சொல்லிட்டார். 1824-ல லண்டன்ல வில்லியம் பிரவுட், மிருகங்களோட இரைப்பையில ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்குன்னு எழுதினார். ஆனா உயிரோட இருக்கிற மனுஷனோட வயித்துக்குள்ள இதெல்லாம் நடக்கறதைக் கூட இருந்து பார்த்தவங்க யாரும் இல்லை. இங்க ஒரு ஆள் ஜன்னலோட விறகு வெட்டிக்கிட்டிருக்கார்!

1825 ஆகஸ்ட் 1, மதியம் 12 மணி. மசாலா போட்ட மாட்டுக்கறி, உப்புக்கண்டம், பன்றிக்கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ்... ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு எடுத்து, பட்டு நூல்ல இடைவெளி விட்டுக் கட்டி, ஓட்டை வழியா உள்ளே இறக்கினார். கிணத்துல வாளி விடற மாதிரி. ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தா கோஸும் ரொட்டியும் பாதி காணோம், கறி அப்படியே இருக்கு. ரெண்டு மணிக்குப் பார்த்தா வேகவெச்ச கறியும் கொழுப்பும்கூடப் போயிடுச்சு.

சில நாள் கழிச்சு இன்னொண்ணு. 17 மணி நேரம் அலெக்ஸிஸைப் பட்டினி போட்டு, இரைப்பை நீரைக் குழாய் வெச்சு எடுத்து, ஒரு சின்னக் குப்பியில ஊத்தி, அதுல ஒரு கறித்துண்டைப் போட்டு, உடம்புச் சூடு அளவுக்கு (100 டிகிரி ஃபாரன்ஹீட்) வெதுவெதுப்பா வெச்சார். அதே அளவு துண்டு ஒண்ணை வயித்துக்குள்ளயும் விட்டார். காலை 11 மணிக்கு ஆரம்பிச்சது. வயித்துல இருந்தது மதியம் 1 மணிக்குக் காலி. குப்பியில இருந்தது ராத்திரி 9 மணிக்குக் காலி.

சின்ன மேட்டர் மாதிரி தெரியும். ஆனா இதுதான் பெரிய விஷயம். அரைக்கிற வயிறு இல்லாமலே, வெறும் குப்பியில கறி கரைஞ்சிடுச்சு. அப்படின்னா ஜீரணம் என்பது முக்கியமா ரசாயன வேலை. குப்பியில நேரம் அதிகம் ஆனதால, இரைப்பை கலக்கிக் கொடுக்கறதும் புதுசு புதுசா நீர் சுரக்கறதும் உதவுதுன்னும் புரிஞ்சது.

அந்த நீரை போமான்ட் நாக்குல வெச்சு ருசிகூடப் பார்த்திருக்கார் (உவ்வே!). எந்த உணவு ஜீரணமாக எவ்வளவு நேரம்னு ஒரு நீள அட்டவணை போட்டார். நம்ம ஆட்களுக்குச் சந்தோஷமான செய்தி: சோறு ஒரு மணி நேரம், வறுத்த பன்றிக்கறி ஐந்தேகால் மணி நேரம். :-)

இப்போ அலெக்ஸிஸ் பக்கம் வருவோம். நூல் கட்டி இறக்கின அன்னிக்கு வயிறு கனமா இருக்கு, வலிக்குது, தலை வலிக்குதுன்னு சொல்லியிருக்கார். அடுத்தடுத்த நாளும் சரியாகலை. போமான்ட் என்ன பண்ணார் தெரியுமா? பாதரசம் கலந்த பேதி மாத்திரைகளை அதே ஓட்டை வழியா உள்ளே போட்டார். வாயைத் திறக்கச் சொல்ற சிரமம்கூட இல்லை.

அவர் குறிப்புகள்ல என்னை ரொம்ப யோசிக்க வெச்ச இடம் ஒண்ணு இருக்கு. அலெக்ஸிஸ் கோபமா இருக்கிறப்போ இரைப்பையோட உள்சுவர் நிறம் மாறுது, பித்தநீர் மேலே ஏறி வருது, ஜீரணம் கெடுதுன்னு எழுதறார். மனசும் வயிறும் எப்படி இணைஞ்சிருக்குன்னு கண்ணால பார்த்துப் பதிஞ்ச அருமையான அவதானிப்பு, இன்னிக்கும் மேற்கோள் காட்டுறாங்க. ஆனா ஒரு நிமிஷம் நில்லுங்க. பட்டினி போட்டு, படுக்க வெச்சு, வயித்துக்குள்ள குழாயும் தெர்மாமீட்டரும் விட்டா யாருக்குத்தான் கோபம் வராது? கோபத்தோட நிறம் குறிப்பேட்டுல இருக்கு. கோபத்தோட காரணம் இல்லை.

அந்தக் காரணத்தை அலெக்ஸிஸ் காலால எழுதினார்னு சொல்லலாம். 1825 செப்டம்பர்ல, சொல்லாம கொள்ளாம கனடாவுக்கு ஓடிட்டார். கல்யாணம் பண்ணி, ரெண்டு குழந்தை பெத்து, கூலி வேலை செஞ்சார். போமான்ட் விடலை. தோல் கம்பெனி ஆட்கள் மூலமா தேடிப் பிடிச்சு, 1829-ல குடும்பத்தோட சுமார் 2,000 மைல் தள்ளி, மிசிசிப்பிக் கரையில இருந்த கிராஃபோர்ட் கோட்டைக்கு வரவழைச்சார். 1831-ல மனைவிக்கு அங்க இருப்புக் கொள்ளலை. குடும்பத்தோட திறந்த படகுல, மிசிசிப்பி, ஒஹாயோ ஆறுகள், ஏரிகள்னு சுத்தி மாண்ட்ரியாலுக்குத் திரும்பிட்டார். வயித்துல ஓட்டை இருக்கிற ஆள் செய்ற காரியமா இது!

1832-ல கணக்கு மாறுது. முறைப்படி ஒப்பந்தம். ஒரு வருஷத்துக்கு 150 டாலர், சாப்பாடு, துணி, தங்க இடம். பதிலுக்கு டாக்டர் எங்கே போனாலும் கூடப் போகணும், வேலைக்காரனா இருக்கணும், வயித்தைச் சோதனைக்குக் கொடுக்கணும். படிக்கத் தெரியாத ஒருத்தரோட போட்ட ஒப்பந்தம். அரசாங்கச் செலவுல சம்பளம் கொடுக்க, வாஷிங்டன்ல அவரை ராணுவத்துல சார்ஜன்ட்டாகவும் சேர்த்துக்கிட்டாங்க. துப்பாக்கி தூக்காத, வயித்தால உத்தியோகம் பார்த்த சார்ஜன்ட்.

1833-ல போமான்ட்டோட புத்தகம் வந்தது. 238 சோதனைகள், 51 முடிவுகள். உலகமே திரும்பிப் பார்த்தது. 1836-ல ஜெர்மனியில ஷ்வான் பெப்சினைக் கண்டுபிடிச்சு, அமிலம் மட்டும் போதாது, கூட இன்னொண்ணு வேலை செய்யுதுன்னு காட்டினார். அப்புறம் நாய்களுக்கு வேணும்னே இந்த மாதிரி ஓட்டை போட்டு ஆராயற முறை வந்தது. அந்த வழியில போனவர்தான் பாவ்லோவ், 1904-ல ஜீரண ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு வாங்கினார்.

1834-ல ஊருக்குப் போன அலெக்ஸிஸ் அப்புறம் போமான்ட் கிட்ட வரவே இல்லை. டாக்டர் கிட்டத்தட்ட இருபது வருஷம் கடிதம் போட்டுக்கிட்டே இருந்தார். தனியா வான்னு இவர், குடும்பத்தோடதான் வருவேன், இவ்வளவு பணம் வேணும்னு அவர். டாக்டருக்கு இது பிடிவாதமாவும் பேராசையாவும் தெரிஞ்சிருக்கு. எனக்கு என்னமோ, தன் வயித்தோட விலை என்னன்னு அலெக்ஸிஸ் புரிஞ்சுக்கிட்டார்னுதான் தோணுது. பேரம் பேச அவர்கிட்ட வேற சொத்து எதுவும் இல்லை. 1853-ல பனி உறைஞ்ச படியில வழுக்கி விழுந்து போமான்ட் போய்ச் சேர்ந்துட்டார். நோயாளி அதுக்கப்புறம் 27 வருஷம் இருந்தார். நடுவுல 1856-ல ஒருத்தர் கூட்டிட்டுப் போய் ஊர் ஊரா டாக்டர்களுக்குக் காட்டினார். மத்தபடி வயல் வேலை, வறுமை.

1880 ஜூன் 24-ல கியூபெக்ல செயின்ட் தாமஸ் என்ற ஊர்ல அலெக்ஸிஸ் இறந்தார். அப்போ மாண்ட்ரியால்ல இருந்த வில்லியம் ஆஸ்லர் (நவீன மருத்துவக் கல்வியோட பிதாமகர்கள்ல ஒருத்தர், லேசுப்பட்ட ஆள் இல்லை) பிரேதப் பரிசோதனை பண்ணி, அந்த இரைப்பையை வாஷிங்டன் ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துல வைக்கணும்னு ஆசைப்பட்டார். வராதே, வந்தா உயிருக்கு ஆபத்துன்னு எச்சரிக்கைத் தந்தி வந்தது.

குடும்பம் என்ன பண்ணிச்சுன்னா, கடுங்கோடையில உடம்பை நாலு நாள் வீட்டுலயே வெச்சிருந்தாங்க. அழுகட்டும்னு. சவப்பெட்டியை சர்ச்சுக்குள்ள கொண்டு போக முடியாத அளவுக்கு நாத்தம், வெளியிலேயே வெச்சுத்தான் பூசை. அப்புறம் எட்டடி ஆழத்துல புதைச்சாங்க. யாரும் தோண்டி எடுத்துடக் கூடாதுன்னு.

பெத்த அப்பனைப் புழு வைக்க விட்டாவது டாக்டர்கள்கிட்ட இருந்து காப்பாத்தணும்னு ஒரு குடும்பம் நினைக்குதுன்னா, அவங்க வீட்டுல இந்தப் 'புகழ்' எப்படிப் பேசப்பட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

போமான்ட்டை வில்லன் ஆக்கறதுக்காக இதை எழுதலை. அவர் இல்லைன்னா அலெக்ஸிஸ் 1822-லயே போயிருப்பார். அந்தக் காலத்துல நோயாளிகிட்ட கையெழுத்து வாங்கற வழக்கமே இல்லாதப்போ, சம்பளம் பேசி ஒப்பந்தம் போட்டவர் அவர். சோதனைக்கு ஆளாகிறவரோட சம்மதம் கட்டாயம்னு சொன்ன நியூரம்பர்க் விதிகள் 1947-லதான் வந்தது. அதுக்கப்புறமும் கேள்வி தீரலை. ஹெச்.எம். என்று ரெண்டே எழுத்துல உலகப் பிரசித்தி பெற்ற நோயாளியை எடுத்துக்கோங்க. 1953-ல வலிப்புக்காக மூளையில செஞ்ச அறுவைக்குப் பிறகு புதுசா எதுவும் ஞாபகத்துல தங்காம போயிடுச்சு. அரை நூற்றாண்டு ஆராய்ச்சிக்கு ஒத்துழைச்சார். காலையில சரின்னு சொன்னது மதியம் அவருக்கு ஞாபகம் இருக்காது. ஹென்றி மோலைசன் என்ற பேரே 2008-ல அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. இதுல சம்மதம்னா என்ன?

இன்னிக்கு நல்ல பத்திரிகைகள் நோயாளியோட எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாம கேஸ் ரிப்போர்ட் போடறதில்லை. நல்ல மாற்றம்தான். ஆனா படிவத்துல வாங்கற கையெழுத்து ஒரு தடவை. அலெக்ஸிஸ் கதை சொல்றது, சம்மதம் என்பது ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டிய விஷயம்னு. ஓடிப்போறதும், கூடப் பணம் கேட்கறதும், வரமாட்டேன்னு சொல்றதும்கூட நோயாளி கொடுக்கிற பதில்தான். அபூர்வமான நோய் அவருடைய உடம்புல வந்த விபத்து. அதனால உடம்பு நம்மளோடது ஆயிடாது.

போமான்ட் பேர்ல டெக்சாஸ் எல் பாசோவில் பெரிய ராணுவ மருத்துவமனை இருக்கு. அலெக்ஸிஸுக்கு 1962-ல கனடா உடலியங்கியல் சங்கத்துக்காரங்க அவர் புதைக்கப்பட்ட ஊர் சர்ச்சுல ஒரு பலகை வெச்சாங்க. தன் துன்பத்தால மனித குலத்துக்கே உதவினார்னு அதுல போட்டிருக்கு. உண்மைதான். ஆனா உதவுறியான்னு அவரைக் கேட்டவங்க எத்தனை பேர்?

அடுத்த தடவை சோறு தின்னு ஒரு மணி நேரத்துல மறுபடி பசிச்சா, அலெக்ஸிஸை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க மக்களே. நேரம் கிடைச்சா அடுத்த பதிவுல ஹெச்.எம். கதையை விவரமா எழுதறேன்.