தையல் இயந்திரத்தின் நூல் இழுவிசை

தையல் இயந்திரத்தின் நூல் இழுவிசை என்பது, தைக்கும்போது மேல் நூல், கீழ் நூல் ஆகிய இரண்டின் மீதும் இயந்திரம் செலுத்தும் கட்டுப்பாட்டு விசை ஆகும். தையற்காரர்கள் இதனை டென்ஷன் என்றே அழைக்கின்றனர். இரு நூல்களின் இழுவிசையும் சமநிலையில் இருந்தால் மட்டுமே தையல் இருபுறமும் ஒரே தோற்றம் பெறும். மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட்டிங் எனப்படும் அடுக்குத் தையலில் இச்சமநிலை எளிதில் குலையக்கூடியது.

பின்னணி

இரு நூல்கள் பின்னிக்கொள்ளும் பூட்டுத் தையலைப் பயன்படுத்திய இயந்திரத்திற்கு எலியாசு ஓவே 1846 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851 இல் தமது இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டு வீடுகளில் சிங்கர், உசா போன்ற இயந்திரங்கள் பரவலாக உள்ளன. தமிழக அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் மூலம் இலவசத் தையல் இயந்திரங்களை வழங்கி வந்துள்ளது.

இயங்கும் விதம்

மேல் நூல் நூற்கண்டிலிருந்து புறப்பட்டு, வில்லால் அழுத்தப்பட்ட இரு வட்டத் தட்டுகளுக்கு இடையே செல்கிறது. தட்டுகளின் உராய்வே மேல் இழுவிசையைத் தருகிறது. கீழ் நூலுக்கு, பாபின் கேசின் மீதுள்ள மெல்லிய தகட்டு வில் இழுவிசையைத் தருகிறது. அதனை ஒரு சிறு திருகாணியால் கூட்டவோ குறைக்கவோ இயலும்.

ஊசி கீழே சென்று சற்றே மேலெழும்போது நூல் ஒரு கண்ணியாக விரிகிறது. ஷட்டிலின் கொக்கி அக்கண்ணியைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டு செல்கிறது. பின்னர் நூல் இழுக்கும் நெம்புகோல் மேலெழுந்து கண்ணியை இறுக்குகிறது. இரு நூல்களும் பின்னும் இடம் துணி அடுக்குகளின் நடுவில் அமைய வேண்டும்.

அழுத்துக் காலை உயர்த்தினால் இழுவிசைத் தட்டுகள் விரிந்துவிடும். எனவே காலை உயர்த்திய நிலையில்தான் மேல் நூலைக் கோர்க்க வேண்டும். தாழ்த்திக் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு இடையே இறங்காமல் வெளியிலேயே நின்றுவிடலாம்.

சிக்கல்களும் காரணங்களும்

* கீழ் நூல் மேற்புறத்தில் புள்ளிகளாகத் தெரிதல்: மேல் இழுவிசை மிகுதி அல்லது கீழ் இழுவிசை குறைவு.
* மேல் நூல் அடிப்புறத்தில் புள்ளிகளாகத் தெரிதல்: மேல் இழுவிசை குறைவு அல்லது கீழ் இழுவிசை மிகுதி.
* அடிப்புறத்தில் நூல் கூடுபோல் சிக்குதல்: பலரும் இதனைப் பாபினின் குறையாகக் கருதுவர். ஆனால் பெரும்பாலும் மேல் நூல் தட்டுகளுக்கு இடையே இல்லாததே காரணம். துணியைக் கையால் நகர்த்தும் அடுக்குத் தையலில் அழுத்துக் கால் துணியை இறுக அழுத்துவதில்லை. ஆதலால் அதனைத் தாழ்த்த மறந்தாலும் உடனே தெரிவதில்லை.
* வளைவுகளில் மட்டும் அடிப்புறத்தில் இமைமயிர் போன்ற இழைகள் தெரிதல்: இயந்திரத்தின் வேகத்தை விடக் கை விரைந்து துணியை இழுப்பதால் ஊசி வளைகிறது. வளைவுகளில் கையின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.
* துணி சுருங்குதல்: இழுவிசை மிகுதியாதல், அல்லது பாலியெஸ்டர் நூல் நீண்டு பின்னர் சுருங்குதல்.
* நூல் பிரிதல், அறுதல்: ஒரே இடத்து நூல் தையலில் அமையும் முன் ஊசிக் கண் வழியே பல முறை சென்று வருகிறது. கண் சிறிதாகவோ கூர்மையான விளிம்புடனோ இருந்தால் நூல் தேயும். சரிகை நூலுக்குப் பெரிய கண்ணுள்ள ஊசியும் குறைந்த மேல் இழுவிசையும் தேவை.

சரிசெய்யும் வரிசை

திருகாணியைத் தொடுவதற்கு முன் எளிய காரணங்களை நீக்குவது நல்லது.

1. அழுத்துக் காலை உயர்த்தி, மேல் நூலை முழுவதும் எடுத்து மீண்டும் கோர்க்கவும்.
2. புதிய ஊசியைப் பொருத்தவும். நூல் ஊசியின் நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து கண்ணுக்குள் நுழைய வேண்டும்.
3. பாபின் கேஸ் வில்லின் அடியிலும், ஷட்டில் பகுதியிலும் உள்ள பஞ்சுத் துகளை நீக்கவும். வில்லின் அடியில் சிக்கிய ஒரு சிறு இழையே கீழ் இழுவிசையை மாற்றப் போதுமானது.
4. பாபின் சீராகச் சுற்றப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும்.
5. மேலும் கீழும் ஒரே வகை நூலை இரு நிறங்களில் இட்டு, தைக்கவுள்ள அதே அடுக்குகளின் துண்டில் தைத்துப் பார்க்கவும்.
6. மேல் இழுவிசையைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் தைத்துப் பார்க்கவும்.
7. அதன் பின்னரும் சரியாகாவிடில் மட்டும் பாபின் கேசின் திருகாணியை மிகச் சிறிதளவு திருப்பவும். வலஞ்சுழியாகத் திருப்பினால் இழுவிசை கூடும். முதலில் அதன் நிலையைக் குறித்துக்கொண்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியும்.

பாபின் கேசை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு மெல்ல அசைத்தால், அது சிறிது இறங்கி நிற்க வேண்டும். தானாகவே ஓடி இறங்கினால் இழுவிசை குறைவு. அசைத்தும் இறங்காவிடில் மிகுதி.

தியாகராய நகரில்

சென்னையின் தியாகராய நகர் பட்டுச் சேலைகளுக்குப் பெயர் பெற்ற வணிகப் பகுதியாகும். நல்லி நிறுவனம் இங்கு 1928 இல் தொடங்கப்பட்டது. சேலைக்கு ஏற்ற ரவிக்கை தைப்பது இவ்வணிகத்தைச் சார்ந்த தொழில். பட்டின் உட்புறம் பருத்தி லைனிங் வைத்துத் தைக்கப்படும் ரவிக்கையும் அடுக்குத் தையலே. குவில்ட்டின் நடுப்பஞ்சு நூற் பின்னலை மறைத்துவிடும். மெல்லிய பட்டில் அவ்வாறு மறைய இடமில்லை. மேலும், பிரித்த தையலின் ஊசித் துளைகள் பட்டில் முழுவதும் மறைவதில்லை. எனவே ஒரு துண்டுத் துணியில் சோதிக்காமல் நேரடியாகத் தைப்பது, வாடிக்கையாளரின் துணியைத் திரும்பப் பெற இயலாதவாறு கெடுத்துவிடக்கூடும். தைத்த கூலியை விடத் துணியின் விலை பன்மடங்கு அதிகம் என்பதால், அந்த இழப்பைத் தையற்காரரால் ஈடுசெய்வது கடினம்.

இவற்றையும் பார்க்க

* தையல் இயந்திரம்
* கந்தா தையல்
* உராய்வு
* ரவிக்கை